அவனுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்

காத்திருக்கும் தாய் எழுதியது:

தத்தெடுக்கக் காத்திருக்கும் எங்களுக்கு ரெஃபரல், அதாவது இந்தக் குழந்தையை ஏற்கிறீர்களா என்ற முன்மொழிவு, வந்து இன்றுடன் 14 மாதங்கள் ஆகின்றன. மூன்று வயதை நெருங்கும் ஒரு பையன். வேறொரு நாட்டில், ஒரு காப்பகத்தில் இருக்கிறான். அவனுடைய பெயரையோ நாட்டையோ இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, ஏனெனில் சட்டப்படி அவன் இன்னும் எங்கள் மகன் அல்லன். முதலில் ஒரு புகைப்படமும் நான்கு பக்க மருத்துவக் குறிப்பும் வந்தன. அதன் பிறகு வந்தவை இரண்டே வளர்ச்சி அறிக்கைகள்தாம். முதல் அறிக்கையில் அவன் எடை 11.4 கிலோ, ஐந்து மாதம் கழித்து வந்த அடுத்த அறிக்கையில் 11.6 கிலோ. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தை அச்செடுத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டும் நடுக்கோட்டுக்கு வெகு கீழே கிடக்கின்றன. ஐந்து மாதத்தில் 200 கிராம் என்பது என்னை எத்தனை இரவுகள் உறங்கவிடாமல் செய்தது என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தத்தெடுக்க நாங்கள் தகுதியானவர்களா என்று பார்க்கும் குடும்ப ஆய்வு இருமுறை முடிந்துவிட்டது. முதலாவது காலாவதியாகிவிட்டதால் இரண்டாவது. காவல்துறைச் சான்றும் மருத்துவச் சான்றும் மூன்றாம் முறையாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. கடந்த வாரம் வந்த தொலைபேசி அழைப்பைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பையனின் தந்தைவழி உறவினர் எவரேனும் இருக்கிறார்களா என்று அந்நாட்டு அதிகாரிகள் மீண்டும் ஒருமுறை தேடுகிறார்களாம்.

அன்றிரவு முழங்காலில் நின்றபோது என் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: “ஆண்டவரே, அவனுக்கு யாரும் வந்துவிடக் கூடாது.” சொல்லி முடித்த பிறகே நான் கேட்டது என்ன என்பது எனக்கு விளங்கியது. மூன்று வயதுக் குழந்தை ஒருவனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போக வேண்டும் என்று, அவனை நேசிப்பதாகச் சொல்லும் நான் கடவுளிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஆறு நாள்களாக என்னால் வேண்டிக்கொள்ளவே முடியவில்லை.

எங்கள் சபையில் எல்லோரும் என்னிடம் விவிலியத்தில் வரும் பிள்ளையில்லாத அன்னாளின் கதையைச் சொல்கிறார்கள். அன்னாள் அழுதாள், கேட்டாள், பெற்றாள். அதைக் கேட்டு நானும் பல மாதங்கள் ஆறுதல் அடைந்திருக்கிறேன். ஆனால் அன்னாள் கேட்ட பிள்ளை வேறு எவருடைய பிள்ளையாகவும் இருந்ததில்லை. அவளுடைய வேண்டுதல் நிறைவேற வேறொரு வீட்டின் கதவு அடைபட வேண்டியிருக்கவில்லை. என்னுடையது அப்படிப்பட்டதன்று.

சட்ட விளக்கத்தை நான் கேட்கவில்லை. இந்த நிலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள், எந்த மதத்தைச் சேர்ந்தவர்களானாலும், எதை வேண்டிக்கொண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இளவேனில் எழுதியது:

சகோதரி, உங்களை நீங்களே இவ்வளவு வருத்திக்கொள்ளாதீர்கள். ஏக்கத்தில் வரும் சொற்களைக் கடவுள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குழந்தை உங்களுக்கென்றே குறிக்கப்பட்டவன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உலகின் எந்த மூலையில் பிறந்தாலும் அவனை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது கடவுளுடைய சித்தம். தேடட்டும், யாரும் வரமாட்டார்கள்.

கரையோரம் எழுதியது:

சகோதரி, எங்களுக்கு ஒருவர் வந்தார். அதனால் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், 18 மாதப் பெண் குழந்தை ஒன்றின் ரெஃபரலை ஏற்றுக்கொண்டு ஒன்பது மாதங்கள் காத்திருந்தோம். கடைசி அனுமதி வரவேண்டிய தறுவாயில் அவளுடைய பாட்டி, தாயைப் பெற்றவர், அதிகாரிகள் முன் வந்து நின்றார். அவர் தொலைவில் வேலைக்குப் போயிருந்தவர். பேத்தி காப்பகத்தில் இருப்பதே அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கோப்பையும் புகைப்படங்களையும் அழித்துவிடுமாறு அதில் எழுதியிருந்தது. அழித்தோம். சாவு விழுந்த வீட்டுக்கு நான்கு பேர் வந்து உட்காருவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. எதை இழந்தோம் என்று சொல்லுவதற்கு எங்களிடமும் ஒரு சொல் இருக்கவில்லை.

அந்தக் கடைசி 40 நாள்களும் நானும் என் மனைவியும் விரதம் இருந்து வேண்டியிருந்தோம். ஆகவே எனக்கு வந்த கோபம் மனிதர்கள்மீது வந்தது அன்று, பெருமாள்மீது வந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் சன்னிதிக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

திரும்ப அழைத்து வந்தவர் பெரியாழ்வார் என்று சொன்னால் சிலர் வியப்பார்கள். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த குழந்தையை வளர்த்தவர் அவர். பெற்றவர் அல்லர். தாம் திருமகளைப் போல வளர்த்த ஒரே மகளைத் திருமாலே கொண்டுபோய்விட்டான் என்று அவர் பாடியிருப்பதை நான் சிறுவயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். அதைப் பெருமிதமாகவே புரிந்துகொண்டிருந்தேன். எங்கள் மகளை இழந்த பிறகு கேட்டபோதுதான் அதில் ஒரு தகப்பனின் அங்கலாய்ப்பு காதில் விழுந்தது. தெய்வமே வந்து எடுத்துக்கொண்டாலும் வளர்த்தவனுக்கு வலிக்கும் என்று அந்தப் பாட்டு ஒளிக்காமல் சொல்லுகிறது. அழுவதற்கு எனக்கு அதுவரை கிடைக்காத அனுமதி அன்று கிடைத்தது.

அதற்கு வெகுநாள் கழித்து என் மனைவி ஒருநாள் சொன்னாள்: “அந்த 40 நாளும் அந்தக் கிழவியும் வேண்டிக்கொண்டுதானே இருந்திருப்பாள்.” நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அதைவிட உண்மையான ஒன்றை எவரும் எங்களிடம் சொன்னதில்லை.

பின்னர் எங்களுக்கு ஒரு மகன் வந்தான். அவன் அவளுக்கு ஈடாக வந்தவன் அல்லன். ஈடு என்று சொல்பவர்களோடு நான் இன்றும் வாதாடுகிறேன்.

தத்துமகள் எழுதியது:

நான் தத்துக் கொடுக்கப்பட்டவள். கைக்குழந்தையாக வேறொரு கண்டத்துக்கு அனுப்பப்பட்டேன். நான் பிறந்த மொழியை முப்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இளவேனில் அவர்கள் நல்ல மனத்துடன் எழுதியிருக்கிறார் என்பதை அறிவேன். ஆயினும் “உங்களுக்கென்றே குறிக்கப்பட்டவன்” என்ற வாக்கியத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் அந்த வாக்கியத்துக்குள் வளர்ந்தவள். கடவுள் கடலைத் தாண்டி உன்னை எங்களிடம் கொண்டுவந்தார் என்று என் பெற்றோர் அன்போடு சொல்வார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது நான் கேட்டேன்: “அப்படியானால் அதற்காகத்தான் கடவுள் என் அம்மாவை ஏழையாக்கினாரா?” குழந்தை அந்த வாக்கியத்தைத் தொடர்ந்து யோசித்தால் அங்கேதான் வந்து சேரும். உங்கள் மகிழ்ச்சியைத் தெய்வச் செயல் என்று சொல்லும்போது, அதே மூச்சில் அவனுடைய இழப்பையும் தெய்வச் செயல் ஆக்கிவிடுகிறீர்கள்.

இது வெறும் மனக்குறை அன்று. “யாரும் இல்லை” என்று எழுதப்பட்ட கோப்புகளில் எத்தனை பொய்யானவை என்பது இப்போதுதான் வெளியாகி வருகிறது. 1967 முதல் 1998 வரை பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்த நெதர்லாந்துக் குழு, 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் போலி ஆவணங்களையும் குழந்தை வணிகத்தையும் பதிவு செய்தது. இவற்றைப் பற்றி அரசுக்கே தெரிந்திருந்தது என்றும் சொன்னது. இலங்கைக் குழந்தைகள் விஷயத்தில் சுவிட்சர்லாந்து அரசு 2020 டிசம்பரில் தன் தவற்றை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் 2025 மார்ச்சில் இதே வகையான முடிவுக்கு வந்தது. என் கோப்பில் தாய் என்று கையெழுத்திட்டிருந்த பெண் என் தாய் அல்லர் என்று டி.என்.ஏ. சோதனை காட்டியது. என்னைத் தேடி யாரேனும் வந்தார்களா, வரவில்லையா என்பது எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆகையால், சகோதரி, அதிகாரிகள் மீண்டும் ஒருமுறை தேடுகிறார்கள் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்காக ஒருவரும் அப்படித் தேடவில்லை.

ஒன்பது வயதில் நான் கேட்ட கேள்விக்கு என்னை வளர்த்த அம்மா அன்று பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் இரவிலிருந்து, படுக்கப்போகும் முன் செய்யும் வேண்டுதலில், என்னைப் பெற்றவள் இன்று பசியில்லாமல் உறங்கியிருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். நான் வீட்டைவிட்டுப் படிக்கப் போகும் வரை அந்த வரி ஒருநாளும் விடுபடவில்லை. அவருடைய மற்ற எல்லாச் சொற்களையும்விட அந்த ஒரு வரிதான் அவரை எனக்கு அம்மா ஆக்கியது.

நீங்கள் கிறிஸ்தவர் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய கதை அன்னாளின் கதை அன்று, மோசேயின் கதை. நாணற்பெட்டியில் கிடந்த குழந்தையைப் பார்வோனின் மகள் எடுத்தாள் என்பதையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு என்ன ஆகுமோ என்று தூரத்தில் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவனுடைய அக்காள். அவள் முன்வந்து பேசியதால்தான் பெற்ற தாயே பால் கொடுக்க முடிந்தது. வந்துவிடக் கூடாது என்று நீங்கள் வேண்டிக்கொண்டது அந்த அக்காளைத்தான்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தயங்குகிறேன். உங்களை வருத்துவது என் நோக்கம் அன்று. சொன்னவுடன் திடுக்கிட்டவர் நீங்கள். திடுக்கிடாமல் அதையே சொன்னவர்கள் பலரை நான் அறிவேன்.

காத்திருக்கும் தாய் எழுதியது:

கடுமையாக இல்லை. அந்த அக்காளை இத்தனை ஆண்டுகளாக நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. கொஞ்சம் நேரம் கொடுங்கள். கரையோரம் அண்ணா, உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆய்வுப்பணி எழுதியது:

குடும்ப ஆய்வு அறிக்கைகள் எழுதும் சமூகப் பணியாளர் நான். சட்ட விளக்கம் வேண்டாம் என்றீர்கள். ஆனால் உங்கள் வேண்டுதலுக்கே உதவக்கூடிய ஒரு வேறுபாடு சட்டத்துக்குள் இருப்பதால் மன்னித்து வாசியுங்கள்.

நாடுகடந்த தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கை 1993 மே 29 அன்று நிறைவு பெற்று, 1995 மே 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 4-ஆவது பிரிவு, குழந்தை பிறந்த நாட்டிலேயே அதற்கு ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முறையாகப் பார்த்த பின்னரே வெளிநாட்டைப் பற்றி நினைக்க வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கையின் 35-ஆவது பிரிவு ஒரே வரிதான்: அதிகாரிகள் விரைந்து செயல்பட வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளும் ஒரே ஏட்டில் இருப்பது தற்செயல் அன்று. பெரும்பாலான பெற்றோர் எல்லாத் தாமதங்களையும் ஒரே தாமதமாகவே அனுபவிக்கிறார்கள். உறவினரைத் தேடுவதற்கு ஆகும் காலம் குழந்தைக்குச் சொந்தமான காலம். ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு மேசையில் கிடக்கும் காலம் அவனிடமிருந்து திருடப்படும் காலம். முன்னதைப் பொறுத்துக்கொள்வது பக்தி என்றால், பின்னதைப் பொறுத்துக்கொள்வது பக்தி ஆகாது.

திருட்டு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஓர் ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் பல வகையிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் அந்தத் தேர்ச்சி தெளிவாக இருந்தது. எடை ஏறாமல் இருப்பது உணவுக் குறைவால் மட்டும் வருவதன்று. தன்னை நோக்கித் திரும்பும் ஒரே முகம் நாள்தோறும் இல்லாத குழந்தைகளிடமும் அது காணப்படும். ஆகவே அந்த 200 கிராம் பற்றிய உங்கள் கவலை மிகையானது அன்று. அதைக் கடிதமாக எழுதுங்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனை எப்போது, அவனைக் கவனிக்கும் பெண் அடிக்கடி மாற்றப்படுகிறாரா, தேடல் முடியும் வரை அங்கேயே ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க வழியுண்டா, தேடலுக்கு என்ன கால எல்லை வைத்திருக்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளையும் உங்கள் முகமை வழியாகக் கேளுங்கள். அவன் உங்களிடம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கேள்விகளால் அவனுக்கு நன்மை உண்டு.

இன்னொன்று. 30-ஆவது பிரிவு, குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. இப்போது நடக்கும் தேடலில் கிடைக்கும் ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு ஊரும், பதினைந்து ஆண்டுகள் கழித்து அவன் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விக்கான பதில். அது உங்களுக்கு எதிரான தேடல் என்று நினைக்க வேண்டாம்.

பிறைநிலா எழுதியது:

எங்கள் இஸ்லாமிய மார்க்கத்தில் சட்டப்படியான தத்தெடுப்பு இல்லை, பொறுப்பேற்று வளர்க்கும் கஃபாலா உண்டு. 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவும் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. யத்தீமை, அநாதைக் குழந்தையை, வளர்க்கலாம், வளர்ப்பது பெரும் நன்மை. ஆனால் அவனுடைய தகப்பன் பெயரை எடுத்துவிட்டு நம் பெயரை வைக்கக் கூடாது. தகப்பன்மாரின் பெயராலேயே அவர்களை அழையுங்கள் என்பது இறைக் கட்டளை. திருமணமான புதிதில், பிள்ளை இல்லாத நாள்களில், இந்தக் கட்டளை எனக்குக் கசப்பாக இருந்தது. முழுவதும் எனக்கே எனக்காக ஒரு குழந்தையை ஏன் தரக் கூடாது என்று அழுதிருக்கிறேன். இப்போது ஏழு ஆண்டுகளாக ஒரு பெண் பிள்ளையை வளர்க்கிறேன். அவள் தன் தந்தையின் பெயரைத் தன் பெயரோடு எழுதும்போது, எனக்குக் கொடுக்கப்பட்டது உடைமை அன்று, நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நினைத்துக்கொள்கிறேன். கசப்பு முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். என் வேண்டுதலான துஆவில் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூடிய கதவு எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். என்னால் உடன்பட முடியவில்லை.

நாங்கள் சீனாவிலிருந்து ஒரு சிறுமிக்காகக் காத்திருந்தோம். 2019-இல் பொருத்தம் உறுதியானது. 2020-இன் தொடக்கத்தில் பெருந்தொற்றால் பயணம் நின்றது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தோம். 2024 செப்டம்பரில், இரத்த உறவினர்களும் மாற்றாந்தாய் மாற்றாந்தந்தையரும் தவிர வேறு வெளிநாட்டவருக்கு இனித் தத்துக் கொடுப்பதில்லை என்று அந்நாட்டு அரசு அறிவித்துவிட்டது. 1992 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய நாடு அது. அந்த முடிவுக்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையோரம் அவர்களுக்கு ஒரு பாட்டி வந்தார். எங்கள் பெண்ணுக்கு ஒருவரும் வரவில்லை. இதயக் குறைபாடு உள்ள பிள்ளை அவள். வீடியோ அழைப்பில் எங்களை அம்மா, அப்பா என்று அழைத்தவள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது நடக்கிறது. அவள் யாருடைய வேண்டுதலுக்குப் பதிலாக அங்கே இருக்கிறாள் என்று யாராவது சொல்லுங்கள்.

கரையோரம் எழுதியது:

மன்னியுங்கள், அம்மா. நான் எழுதியது எங்களுக்கு நடந்தது; உங்களுக்கு நடந்ததை அது தொடவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தத்துமகள் எழுதியது:

மூடிய கதவு அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் அவளுக்காகக் காத்திருந்ததற்கான எல்லாச் சான்றுகளையும், கடிதங்கள், விண்ணப்பங்கள், அழைப்புகளின் தேதிகள் அனைத்தையும், பத்திரமாக வைத்திருங்கள். ஒருநாள் அவள் வளர்ந்து, அவர்கள் ஏன் வரவில்லை என்று தேடக்கூடும். தன்னைக் கைவிடவில்லை என்பதற்கான ஒரு பெட்டி எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறது என்பது ஒரு பெண்ணுக்கு என்ன தரும் என்பதை, அப்படி ஒரு பெட்டி இல்லாத நான் அறிவேன்.

மூடிய கதவு எழுதியது:

வைத்திருக்கிறேன். எதற்காக என்று தெரியாமலேயே வைத்திருந்தேன்.

இளவேனில் எழுதியது:

தத்துமகள் அவர்களே, நான் எழுதியதை அழிக்கவில்லை, ஏனெனில் உங்கள் பதில் அதைச் சார்ந்து நிற்கிறது. ஆனால் இனி அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லமாட்டேன்.

காத்திருக்கும் தாய் எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

ஆய்வுப்பணி அவர்கள் சொன்ன நான்கு கேள்விகளையும் கடிதமாக அனுப்பினோம். இரண்டுக்குப் பதில் வந்தது. அவனைப் புதிதாக ஒரு மருத்துவர் பார்த்திருக்கிறார். குடற்புழுவும் இரத்தசோகையும் இருந்ததாகவும் மருந்து தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். எடை 12.1 கிலோ. மூன்றாவது புள்ளியை வைத்தேன். கோடு இன்னும் கீழேதான் இருக்கிறது, ஆனால் இப்போது ஏறுகிறது.

தேடலுக்கும் பதில் வந்தது. அவனுடைய தந்தைக்கு ஒரு தங்கை இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பையனை வளர்க்க அவருக்கு விருப்பமும் வசதியும் இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறார்கள். முடிவு சொல்ல அவருக்கு எட்டு வாரக் காலம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை எங்கள் கோப்பு நகராது. அவருடைய பெயரை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்; சொல்லாமல் இருப்பதே சரி.

கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. என் கணவர் அந்த வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள்தான் மறுபடி முழங்காலில் நிற்க முடிந்தது. அவன் எங்களிடம் வரவேண்டும் என்ற ஆசையை மறைக்கவில்லை. கடவுளிடம் மறைத்து என்ன பயன்? அதைச் சொன்னேன். பின்பு அந்தப் பெண்ணுக்காகவும் வேண்டிக்கொள்ள விரும்பினேன். அவளுக்கு நல்ல உடல்நலம் இருக்க வேண்டும். யாரும் அவளை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வற்புறுத்தக் கூடாது. பணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவள் வேண்டாம் என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. இந்தக் கடைசி வேண்டுதலைச் சொல்லும்போது குரல் உடைந்தது, இருந்தாலும் சொல்லி முடித்தேன்.

பெயர் தெரியாததால் எப்படி அழைப்பது என்று சிறிது நேரம் தடுமாறினேன். பிறகு, அவன் அவளை எப்படி அழைக்க வேண்டுமோ அப்படியே அழைத்தேன். அத்தை என்று சொன்னேன்.